அம்மாவின் போனில் தம்பி

என் தம்பி சாவதை அம்மா காலையில் பசியாறும்போதே பார்க்கத் தொடங்கிவிடுவாள். ரொட்டியைத் தேத்தண்ணியில் நனைத்து வாயில் வைத்துக்கொண்டு பார்ப்பாள். துணி மடிக்கும்போது பார்ப்பாள். சாமிப் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து பார்ப்பாள். இதை வெளியில் சொன்னால் 'என்ன பொம்பள இவ' என்கிறார்கள். சொல்கிறவர்கள் சொல்லட்டும். அவர்கள் யாரும் அந்த வீட்டில் கூட இருந்தவர்கள் இல்லை, நான் இருந்தேன்.

தம்பி பெயர் கோகிலன். செரண்டாவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பார்க்கிற வேலை. அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருந்தான். சனிக்கிழமை வந்தால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு புக்கிட் பெலிம்பிங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். அப்பா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா சின்னத்தாய்தான் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கி எங்கள் இரண்டு பேரையும் ஆளாக்கியவள். நான் மூத்தவள், பிரேமலா. கோல சிலாங்கூர் பட்டணத்தில் ஒரு பேரங்காடியில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று தயவுசெய்து கேட்காதீர்கள், அந்தக் கேள்வியைக் கேட்டவர்களோடு நான் பேசுவதையே நிறுத்திவிட்டேன்.

ஒரு நாள் மாலை வேலை முடிந்து தம்பி மோட்டாரில் வந்துகொண்டிருந்தான். பின்னால் தனுஜா உட்கார்ந்திருந்தாள். செரண்டா பழைய சாலையில் சிவப்பு விளக்குக்கு நின்றார்கள். பச்சை விழுந்ததும் நகர்ந்தார்கள். பக்கத்துச் சாலையிலிருந்து ஒரு லோரி சிவப்பைப் பொருட்படுத்தாமல் வந்தது. தம்பி அங்கேயே போய்விட்டான். தனுஜாவுக்குக் கை முறிந்தது. லோரிக்காரனைப் போலீஸ் பிடித்து உள்ளே வைத்தது, வழக்கும் போட்டது. இதில் மறைக்கவோ துருவவோ ஒன்றுமே இல்லை.

இவர்களுக்குப் பின்னால் நின்ற காரின் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. காரோட்டி அதைப் போலீசிடம் கொடுத்தார். கொடுத்ததோடு விட்டாரா, இணையத்திலும் ஏற்றிவிட்டார். சாலையில் கவனமாக இருங்கள் என்று பத்துப் பேருக்குப் புத்தி சொல்வதற்காக ஏற்றினாராம். அவர் நல்ல மனசுக்கு ஒரு கும்பிடு.

தனுஜா யார் என்று சொல்ல வேண்டும். அதே தொழிற்சாலையில் வேலை செய்த பெண். எங்கள் பக்கத்தில் இப்போது பாதிப் பிள்ளைகள் செய்கிற மாதிரி, இவர்களும் முதலில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். அரசாங்க வீட்டுக்கு மனு போட அந்தப் பத்திரம் வேண்டும். கோயில் கல்யாணம் தை மாதத்தில் என்று பேசி முடித்து மண்டபத்துக்கும் சொல்லியாயிற்று. சட்டப்படி அவள் மனைவி. ஊர்க் கணக்கில் தாலி ஏறினால்தான் மனைவி. இடையில் கிடக்கிற அந்த மாதங்களில் ஒருவன் செத்துப்போனால் அந்தப் பெண் யார் என்று எங்கள் ஊரில் யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை.

கருமாதிக்கு முந்தின நாள் சொந்தக்காரப் பெண்கள் கூடிப் பேசினார்கள். அந்தப் பெண்ணை உட்கார வைத்து, பூவும் வளையலும் போட்டு, பிறகு எடுத்து, வெள்ளைப் புடவை கொடுத்துச் செய்ய வேண்டியதைச் செய்துவிடலாமா என்று கேட்டார்கள். அம்மாவுக்கு வந்ததே கோபம்.

"அந்தப் புள்ளைக்குத் தாலியே ஏறல. எதை அறுக்கப் போறீங்க?" என்றாள். "சின்னப் புள்ள லா அது. அதுக்கு விதவைன்னு ஒரு பேரு வாங்கிக் குடுத்துட்டு நம்மள்லாம் சாப்ட்டுட்டுப் போயிருவோம். அது காலம் பூரா சுமக்கணும். என் மகன் போனது பத்தாதா?"

அம்மாவின் தம்பி சிவானந்தம் மாமா கோயில் கமிட்டியில் இருக்கிறவர். மரண அறிவிப்பை அவர்தான் போனில் தயார் செய்து எல்லாருக்கும் அனுப்பினார். அதில் மனைவி என்று தனுஜாவின் பெயரைப் போடட்டுமா என்று கேட்டபோதும் அம்மாதான் வேண்டாம் என்றாள். நாளைக்கு அவளுக்கு ஒரு நல்லது நடக்க வேண்டுமென்றால் இந்தப் பெயர் எங்கேயும் இருக்கக் கூடாது என்றாள். அதனால் கருமாதியில் தனுஜா கட்டுப்போட்ட கையோடு வந்தவர்களில் ஒருத்தியாக ஓரத்தில் நின்றாள். நான் அம்மாவைப் பெருமையாகப் பார்த்த நாள் அது.

காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகு தனுஜா அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வயிற்றில் பிள்ளை இருப்பதை ஆஸ்பத்திரியில்தான் சொன்னார்களாம். விபத்தில் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஸ்கேன் பார்த்துச் சொல்லிவிட்டார்களாம். அம்மா கையை நீட்டி அவள் வயிற்றில் வைத்தாள். வைத்துக்கொண்டு அழுத அழுகையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்துவிட்டார்கள்.

"இங்கயே இரு. பெத்துக் குடுத்துட்டு அப்புறம் எங்க வேணா போ. நான் வளத்துக்கிறேன்," என்றாள்.

தனுஜாவின் அப்பா கார்த்திகேசுவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் மகள் அடம்பிடித்ததால் செரண்டாவிலிருந்து அவள் துணிமணிகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். கொஞ்ச காலம் வீடு நன்றாக இருந்தது. பாகான் நக்கோடா ஓமாரிலிருந்து மீன் கொண்டுவருகிறவரிடம் அம்மா சொல்லி வைத்து நல்ல மீனாக வாங்குவாள். தலையைத் தனுஜாவுக்கு வைப்பாள். எனக்கு வால்தான். நான் வாய்விட்டுச் சண்டை போடுவேன், தனுஜா சிரிப்பாள். செத்த வீடுதான், ஆனால் ஒரு பிள்ளை வரப்போகிற வீடு.

அந்தக் காணொளியை அம்மாவுக்கு யாரோ சொந்தக்காரப் பையன் அனுப்பிவிட்டான். நான் பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அம்மா பார்த்தாள். ஏன் பார்த்தாள் என்று பிறகு எனக்குப் புரிந்தது. சிவப்பு விளக்கில் நிற்கும்போது தம்பி பின்னால் திரும்பி, தனுஜாவின் ஹெல்மெட் வாரைப் பூட்டிவிடுகிறான். பூட்டிக்கொண்டே ஏதோ சொல்லிச் சிரிக்கிறான். எங்களிடம் அவன் படங்கள் இருந்தன. அசைகிற, சிரிக்கிற கோகிலன் அதில் மட்டும்தான் இருந்தான்.

அம்மா அந்தச் சிரிப்பு வரைக்கும் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். அம்மா பார்க்கிற அந்தச் செயலியில் வரும் குட்டிக் காணொளிகள் முடிந்தால் நிற்காது, தானாகத் திரும்ப முதலிலிருந்து ஓடும். சத்தத்தை வைத்து லோரி போய்விட்டது என்று தெரிந்ததும் கண்ணைத் திறப்பாள். தம்பி சிரிப்பான், சாவான், மறுபடி சிரிப்பான். போனைப் பிடுங்கி வீசலாம் போல இருக்கும் எனக்கு. வீசவில்லை, அது அவன் வாங்கிக் கொடுத்த போன்.

அதற்கு முன்னால் அம்மாவின் போனில் மீன் குழம்பு வரும், அம்மன் பாட்டு வரும், தொட்டியில் வெண்டைக்காய் வளர்க்கும் ஒரு பெண் வருவாள். ஒரே வாரத்தில் அந்தப் பெண்ணைக் காணோம். வேறு விபத்துகள் வர ஆரம்பித்தன. ஈப்போ, தாய்லாந்து, தமிழ்நாடு. அம்மா தள்ளித் தள்ளிப் பார்ப்பாள், அடுத்தது கோகிலனாக இருக்கும் என்று. பிறகு பிள்ளையைப் பறிகொடுத்து அழுகிற தாய்மார்கள் வந்தார்கள். அவர்களைப் பார்த்து அம்மா அழுவாள். பிறகு யார் மீது தப்பு என்று கையை ஆட்டி ஆட்டி விளக்குகிற ஆண்கள் வந்தார்கள். அதற்குப் பிறகு, ஆண்களைக் கெடுத்த பெண்கள் வந்தார்கள். அம்மா எதையும் தேடவில்லை.

என் பேரங்காடிக்குப் பக்கத்தில் போன் கடை வைத்திருக்கிற சசிகுமாரிடம் இதைக் கேட்டேன்.

"அது நம்ம எங்க நிக்கிறோம்னு பாக்கும் அக்கா. எங்க கொஞ்சம் அதிகமா நின்னாலும் அது மாதிரியே கொண்டாந்து குமிக்கும்," என்றான். "நம்ம ஏன் நிக்கிறோம்னு அதுக்குத் தெரியாது."

"பெத்தவ அழுறது தெரியாதா?"

"அழுதாலும் நின்னுதானே அழுறாங்க."

அவன்மீது எரிச்சல்தான் வந்தது, உண்மையைச் சொன்னதற்கு.

அந்த ஆண்களில் ஒருவன் எப்போதும் கறுப்புச் சட்டையில் வருவான். இந்த நாட்டுத் தமிழன்தான், பேச்சில் தெரியும். அவன் எங்கள் காணொளியை எடுத்து மெதுவாக ஓடவிட்டு, தனுஜாவின் கையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டான். பச்சை விழுகிற நேரத்தில் அவள் கை தம்பியின் தோளில் இருக்கிறது. மோட்டாரில் பின்னால் உட்கார்ந்திருக்கிறவள் வேறு எங்கே கையை வைப்பாள்? அவனோ, "கைய நல்லா கவனிங்க மக்களே, அவ என்னா செய்றான்னு யோசிங்க," என்று மூன்று முறை போட்டுக் காட்டினான். லோரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. லோரிக்காரனைத் திட்டினால் யார் நின்று பார்ப்பார்கள்? தனுஜாவுக்கு முகம் இருந்தது, வயது இருந்தது. தொழிற்சாலை ஆண்டுவிழாவில் ஆடிய ஆட்டத்தை அவளே எப்போதோ போட்டு வைத்திருந்தாள். அதையும் தோண்டி எடுத்துவிட்டார்கள்.

முதல் கேள்வி சோற்றுத் தட்டின் முன்னால்தான் வந்தது.

"லைட்டு மாறுறப்ப அவன் தோள்ல ஏன்மா கைய வச்ச?" என்று அம்மா கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"புடிச்சிக்கத்தான் அத்தை," என்றாள் தனுஜா.

மறுநாள், "புடிச்சியா, இழுத்தியா?" என்று கேட்டாள். அதற்கு மறுநாள், "நீ பேச்சுக் குடுக்காம இருந்திருந்தா அவன் ரோட்டப் பாத்திருப்பான்ல?" என்றாள். தனுஜா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். ஹெல்மெட் வார் கழன்றிருந்தது அத்தை, அவர்தான் மாட்டிவிட்டார் அத்தை என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்திருக்கும். கேள்வி கேட்கிற அம்மாவின் வாயில் அந்தக் கறுப்புச் சட்டைக்காரனின் சொற்கள் அப்படியே வந்தன, "யோசிக்கணும்ல" என்பது உட்பட.

பிறகு அவன் இன்னொன்று போட்டான். மாமா தயார் செய்த மரண அறிவிப்பை எப்படியோ பிடித்து, பெரிதாக்கிக் காட்டினான். "மனைவி பேரு எங்க மக்களே? பொண்டாட்டின்னா கருமாதியில முன்னாடி நின்னுருக்கணும்ல? இவ எங்க நின்னா? அந்தக் குடும்பமே இவள ஏத்துக்கல. ஏன்? யோசிங்க."

அன்று நான் வேலையிலிருந்து வந்ததும் அம்மா போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாத்தியா? நம்மளே இவள பொண்டாட்டின்னு ஏத்துக்கலியாம். ஊரே கேக்குது."

"யம்மா, பேரு போட வேணாம்னு சொன்னது நீ. முன்னாடி நிக்க வேணாம்னு சொன்னது நீ. அவளுக்காகத்தான் சொன்ன. எதை அறுக்கப் போறீங்கன்னு நீதானே கேட்ட?"

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். நிஜமாகவே நினைவுபடுத்திப் பார்த்தாள். அவள் பொய் சொல்லப் போகிறவள் மாதிரி இல்லை.

"நான்தான் சொன்னேன்," என்றாள். "அப்பவே என் மனசுக்கு என்னமோ பட்டிருக்கு. இல்லன்னா ஏன் அப்டி சொல்லியிருக்கப் போறேன்?"

அவள் வாழ்நாளில் செய்த ஆகப் பெரிய நல்ல காரியத்தை எவனோ ஒருவன் திருப்பிப் போட்டுக் காட்டினான், அவளும் அதை வாங்கி வைத்துக்கொண்டாள். சமையலறையில் தனுஜா பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றிருந்தது.

மறுநாள் அம்மாவின் போனை ரிப்பேர் என்று பொய் சொல்லி சசிகுமாரிடம் கொண்டுபோனேன். அவள் பார்த்ததையெல்லாம் அழித்து, செயலியை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டுக் கொடுத்தான். அன்று சாயங்காலம் அம்மாவின் போனில் மீன் குழம்பு வந்தது. யாரோ ஒருத்தி வெண்டைக்காய் நறுக்கினாள். அம்மா தள்ளினாள், தள்ளினாள், தள்ளிக்கொண்டே இருந்தாள்.

"தம்பி எங்க?" என்றாள்.

நான் எழுந்து சமையலறைப் பக்கம் போகப் பார்த்தேன்.

"என் புள்ளைய அழிச்சிட்டியாடி?"

கன்னத்தில் ஓர் அறை விட்டாள். எனக்கு நினைவு தெரிந்து அவள் என்னை அடித்ததில்லை. பிறகு போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, "செரண்டா, மோட்டாரு, கோகிலன்," என்று அழுதுகொண்டே சொன்னாள். அது அவனைக் கொண்டுவந்து கொடுத்தது. அவன் பின்னாலேயே கறுப்புச் சட்டைக்காரனும் வந்துவிட்டான். தனுஜா அம்மாவைப் பிடித்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அம்மா அந்தத் தண்ணீரைக் குடித்தாள்.

நான் தனுஜாவிடம் சொன்னேன், அப்பா வீட்டுக்குப் போய்விடு என்று. அவள் கேட்கவில்லை.

"அத்தை கெட்டவங்க இல்ல அக்கா. புள்ள பொறந்து மூஞ்சியப் பாத்தா எல்லாம் சரியாப் போயிரும்," என்றாள். அவளுக்கு அந்தப் பிள்ளை தன் அப்பா பிறந்த வீட்டில் வளர வேண்டும். வேறு எதுவும் அவள் கேட்கவில்லை.

கறுப்புச் சட்டைக்காரனின் காணொளிக்குக் கீழே அம்மா குரல் பதிவாக ஏதோ சொல்லி அனுப்பியிருக்கிறாள், நான்தான் அவன் தாய் என்று. அவனுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை நேரலையில் பேசலாம் அம்மா, உங்கள் மகனுக்கு நியாயம் வாங்கலாம் என்று கூப்பிட்டுவிட்டான். சிவானந்தம் மாமா நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து, தம்பியின் படத்துக்கு முன்னால் நாற்காலி போட்டு, போனைச் சாய்த்து வைத்துக் கொடுத்தார். நான் அதைத் தட்டிவிடப் போனேன். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா மனசுல உள்ளதக் கொட்டட்டும். வெளிய வந்தாதான் ஆறும்," என்றார்.

அம்மா முதலில் தம்பியைப் பற்றித்தான் பேசினாள். சின்ன வயதில் அவனுக்கு வீசிங் இருந்தது, தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் கைவிரித்த பிறகும் காப்பாற்றிக் கொண்டுவந்தது, முதல் சம்பளத்தில் அவளுக்குப் புடவை எடுத்தது. அழுதாள். பார்க்கிறவர்கள் தட்டிவிட்ட இதயங்கள் திரையில் மிதந்து மேலே போயின. அவன் பொறுமையாகக் கேட்டான். பொறுமையாகவே அந்தக் கேள்வியைப் போட்டான்.

"அந்தப் பொண்ணு முழுகாம இருக்காங்கன்னு சொல்றாங்கம்மா. அதப் பத்தி ஒரு தாயா நீங்க என்ன நினைக்கிறீங்க?"

அம்மா சமையலறைப் பக்கம் பார்த்தாள். தனுஜா அங்கே தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். எல்லாம் அவளுக்குக் கேட்கும்.

"அது என் மகனோடதுன்னு நான் எங்க பாத்தேன்?" என்றாள் அம்மா.

இதயங்கள் பொங்கி வழிந்தன. அந்தச் சொல் அவளுடையது இல்லை. கீழே எழுதுகிறவர்கள் எத்தனையோ நாளாக எழுதிவந்ததுதான். அதைப் படித்துப் படித்துத் தன் யோசனையாகவே ஆக்கிக்கொண்டிருந்தாள்.

தனுஜா கையில் ஒட்டிய தேங்காய்ப் பூவோடு கூடத்துக்கு வந்து நின்றாள்.

"அத்தை, மொதல்ல என் வயித்துல கைய வச்சது நீங்கதான்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அம்மா போனை எடுத்து அவள் பக்கம் திருப்பினாள். வயிறு தெரிகிற மாதிரி கொஞ்சம் கீழே இறக்கிப் பிடித்தாள்.

"இவதான்," என்றாள்.

நான் குறுக்கே போய் நின்றேன். அதற்குள் பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிட்டார்கள். சாயங்காலமே கார்த்திகேசு காரை எடுத்துக்கொண்டு வந்தார். அவரிடம் நியாயமாக ஒரு கூச்சலை எதிர்பார்த்தேன். அவர் பையை வாங்கிக் காரில் வைத்தார், மகளை உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார். "உங்க மகன் நல்ல பையன்மா," என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார். அம்மா நிமிரவில்லை. கீழே எழுதியிருப்பதைப் படித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கூப்பிட்டு, மலாயில் எழுதியிருந்த ஒன்றைப் படித்துச் சொல்லச் சொன்னாள். அதில் இருந்ததை நான் சொல்லவில்லை, இங்கேயும் எழுத மாட்டேன்.

அதன் பிறகு அம்மா தெம்பானாள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான். சந்தைக்குப் போனால் பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டு, 'நீங்கதானே அந்த அம்மா' என்பார்கள். மீன்காரர் காசு வாங்க மறுப்பார். வாரத்துக்கு ஒரு முறை கறுப்புச் சட்டைக்காரன் கூப்பிட்டு, சாப்பிட்டீர்களா அம்மா என்று விசாரிப்பான். அவன் எதையெல்லாம் பார்க்கச் சொன்னானோ பார்த்தாள், எதையெல்லாம் நம்பாதே என்றானோ நம்பவில்லை. எதிராக ஒன்று வந்தால் அதைத் திரையிலிருந்து எப்படி விரட்டுவது என்றும் அவனே சொல்லிக் கொடுத்தான். ஒரு மகனை இழந்து இத்தனை ஆயிரம் பிள்ளைகள் கிடைத்துவிட்டார்கள் என்று ஒரு தரம் என்னிடமே சொன்னாள். நான் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனேன்.

ஆண் குழந்தை பிறந்தது. தனுஜா எனக்கு மட்டும் செய்தி அனுப்பினாள். லீவு போட்டுவிட்டு செரண்டாவுக்குப் போனேன். குழந்தையை என் மடியில் வைத்தார்கள். நெற்றி, மூக்கு, கோபம் வந்தால் உதட்டைப் பிதுக்குவது எல்லாம் எங்கள் வீட்டு அச்சு. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. போனை எடுத்துப் படம் பிடிக்கலாமா, அம்மாவிடம் காட்டுகிறேன் என்றேன்.

"நீங்க காட்டினா நம்ப மாட்டாங்க அக்கா," என்றாள் தனுஜா. "நான் சொல்லிக் குடுத்தேன்னு நினைப்பாங்க. அந்தப் போன்ல தானா வரணும். அதுல வந்தாத்தான் அத்தைக்கு நிஜம்."

நன்றாக மெலிந்திருந்தாள். அந்தச் செயலியை அவள் எப்போதோ அழித்திருந்தாள், வேலைக்கும் போவதில்லை, கடைக்குக்கூடப் போவதில்லை. குழந்தையைத் தொட்டிலில் போடுகிற அன்று அதே செயலியைத் திரும்பப் போட்டாள். தொட்டிலில் கிடக்கிற குழந்தையைத் தானே படம்பிடித்தாள். கீழே கோகிலன், செரண்டா, மோட்டார் விபத்து என்று அம்மா தேடுகிற சொற்களையே போட்டாள். 'அப்பத்தாவைப் பார்க்க வரட்டுமா?' என்று ஒரு வரி எழுதினாள். தன்னைக் குதறிய கூட்டம் மறுபடி வரும் என்று அவளுக்குத் தெரியும். வந்தால் வரட்டும், அதற்குள் அத்தை பார்த்துவிட்டால் போதும் என்றாள்.

நான் அம்மாவின் பக்கத்தை விட்டு நகரவில்லை. வேலை முடிந்து வந்தால் கீரையோ வெங்காயமோ எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். ஒரு விடுமுறை நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அம்மா பாயில் சாய்ந்து தள்ளிக்கொண்டிருந்தாள். ஒரு விபத்து. ஓர் அழுகிற தாய். இன்னொரு விபத்து. பிறகு தொட்டில் வந்தது.

அம்மாவின் விரல் நின்றது. குழந்தை கொட்டாவி விட்டது, உதட்டைப் பிதுக்கியது. அம்மா எழுந்து உட்கார்ந்தாள். போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"இந்தா, இங்க பாரேன்," என்றாள். எத்தனையோ மாதம் கழித்து அது அவள் சொந்தக் குரல். "அப்டியே அவனாட்டமே இருக்கு."

"ஆமாம்மா," என்றேன். அதற்குமேல் வாய் திறந்தால் கெட்டுப்போகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன்.

குழந்தை கையை ஆட்டியது. காணொளி முடிந்து முதலிலிருந்து ஓடியது. அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே, எதைப் பார்த்தாலும் செய்கிற பழக்கத்தில், கீழே என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தள்ளிப் பார்த்தாள்.

அந்தக் கூட்டம் எங்களுக்கு முன்னாலேயே அங்கே வந்து சேர்ந்துவிட்டிருந்தது. அம்மா உதடு அசைய ஒவ்வொன்றாகப் படித்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக முகத்தை விட்டு இறங்கியது.

"ஏஐ லா இது," என்றாள். "மூஞ்சிய மாத்திப் போட்டிருக்கா. பாரு, எல்லாரும் எழுதியிருக்காங்க."

"யம்மா, நான் போய்ப் பாத்தேன். மடியில வச்சிருந்தேன். அது நம்ம கோகிலன் புள்ளம்மா. உன் பேரப் புள்ள."

என்னைப் பார்த்தாள். எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள், இவள் ஒருத்தி சொல்கிறாள் என்கிற பார்வை.

"ஒனக்கும் காசு குடுத்தாளா?" என்றாள்.

பிறகு, அவன் சொல்லிக் கொடுத்த மாதிரியே, குழந்தையின் முகத்தின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பிடித்தாள். ஒரு பட்டியல் விரிந்தது. அதில் 'ஆர்வமில்லை' என்பதைத் தொட்டாள். இனி இதுபோன்றவற்றைக் காட்ட மாட்டோம் என்று போன் மரியாதையாகச் சொன்னது. தொட்டில் மறைந்து அடுத்தது ஓட ஆரம்பித்தது. அம்மா மறுபடி பாயில் சாய்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டேன். அந்தக் குழந்தை அம்மாவின் போனில் திரும்ப வரவே இல்லை.